டீசல் பம்ப் போய்விட்டால்: நாமே கழற்றுவதா, பட்டறையில் விடுவதா?

சிங்கப்பூரில் ஒன்றிரண்டு லாரிகளை மட்டும் நம்பித் தொழில் நடத்தும் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்காவுக்குக் காய்கறி ஏற்றுகிறவர்கள், கட்டுமானத் தளங்களுக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள், கோயில் விழாக்களுக்குப் பந்தலும் பாத்திரமும் ஏற்றுகிறவர்கள். இவர்களில் ஒருவரின் லாரி காலையில் கிளம்பாமல் நின்று, பட்டறைக்காரர் "டீசல் பம்ப் போய்விட்டது" (இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) என்று சொல்லிவிட்டால், அன்று மாலைக்குள் ஆளாளுக்கு ஒரு யோசனை வந்துவிடும். "நாலு போல்ட்தான், நாமே கழற்றி மாற்றிவிடலாம்" என்பார் ஒருவர். "தொடவே தொடாதீர்கள், ஏஜென்சியில் விடுங்கள்" என்பார் இன்னொருவர். பழைய இரும்புக் கடையில் அதே பம்ப் இருக்கிறது என்பார் மூன்றாமவர். ஜோகூரில் பாதி விலைக்கு முடியும் என்பார் நான்காமவர்.

நான்கிலும் உண்மை உண்டு. ஆனால் எல்லா லாரிக்கும் எல்லாம் பொருந்தாது. பல ஆண்டுகளாக லாரியும் பட்டறையுமாக இருந்ததில் எனக்குத் தெளிவாகியிருப்பது இது: கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் வேண்டிய கருவிகளை நாமே ஒப்பேற்றிக்கொள்ளலாம், அளப்பதற்கு வேண்டிய கருவிகளை ஒப்பேற்றக் கூடாது. எந்த வழியில் போவது என்பதை இந்தப் பிரிவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பம்பின் விலை அதற்குப் பிறகுதான்.

முதலில் லாரியின் வயதைப் பாருங்கள்

பதிவு அட்டையில் இருக்கும் ஆண்டே பாதி விடையைச் சொல்லிவிடும். சிங்கப்பூரில் டீசல் வாகனங்களுக்கு யூரோ 4 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் 2006 அக்டோபரில் கட்டாயமானது. யூரோ 5 2014 ஜனவரியிலும், யூரோ 6 2018 ஜனவரியிலும் வந்தன. 2006க்கு முன்பு பதிவான சிறு லாரிகளில் பெரும்பாலும் முழுக்க இயந்திர விசையில் ஓடும் பம்ப்தான் இருக்கும். இசுசு 4ஜேபி1, நிசான் டிடி27 போன்ற இன்ஜின்களில் ஒற்றைப் பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் சிறு உருளைத் தண்டு) சுழன்றுகொண்டே எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் ரோட்டரி பம்ப். மிட்சுபிஷி 4டி34 போன்றவற்றில் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப். பாஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்தியாகச் செய்யத் தொடங்கிய பம்பின் வழிவந்ததுதான் அது.

அதற்குப் பிந்தைய லாரிகளில், உதாரணமாக இசுசு 4எச்கே1, 4ஜேஜே1, ஹினோ என்04சி ஆகியவற்றில், காமன் ரெயில் முறை; உயர் அழுத்த டீசல் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் (ரெயில்) தேங்கி நிற்கும். இதில் பம்பின் வேலை அழுத்தம் கொடுப்பது மட்டும். எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. லாரிகளுக்கு இந்த முறை புதிதும் இல்லை. டென்சோ நிறுவனம் 1995லேயே ஹினோ லாரியில் இதைப் பொருத்திவிட்டது.

சரக்கு வாகனங்களுக்குச் சிங்கப்பூரில் அதிகபட்ச ஆயுள் 20 ஆண்டு. 2006 செப்டம்பரில் பதிவான லாரிக்கு 2026 செப்டம்பரோடு சாலை வாழ்க்கை முடிகிறது. ஆக, இயந்திர பம்ப் கொண்ட லாரிகளின் கடைசி வரிசைதான் இங்கே மிச்சம். ஆனால் அதே வகை பம்புகள் ஃபோர்க்லிஃப்டுகளிலும், ஜெனரேட்டர்களிலும், கட்டுமானத் தளத்தின் காற்றழுத்த இயந்திரங்களிலும், படகு இன்ஜின்களிலும் இன்னும் நீண்ட காலம் ஓடும். கைக்கருவி வேலைக்கு இடம் இருப்பது இவற்றில்தான்.

பம்ப்தான் கெட்டதா?

மாற்றுவதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதில் கொஞ்சம் நேரம் செலவழித்தே ஆக வேண்டும். நல்ல பம்புகள் எத்தனையோ வீணாகக் கழற்றப்படுகின்றன. பம்பைக் குற்றம் சொல்ல வைக்கும் கோளாறுகளில் பெரும்பகுதி டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் சில அடி குழாயில்தான் ஒளிந்திருக்கும்: அடைத்த ஃபில்டர், நீர் தேங்கிய கிண்ணம், வெடிப்பு விட்ட ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப்.

இயந்திர பம்ப் என்றால் இதைக் கண்டுபிடிக்கும் வேலை சில வெள்ளிச் செலவிலேயே முடியும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ஹோஸை எடுத்துவிட்டு, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்துங்கள். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது குழாயில் குமிழிகள் தொடர்ந்து ஓடினால் எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது. பம்பின் மேல் பழி இல்லை. அடுத்து, ஒரு சுத்தமான கேனில் டீசல் எடுத்து, டேங்கையும் அதன் குழாய்களையும் ஒதுக்கிவிட்டு நேரே பம்புக்குக் கொடுத்துப் பாருங்கள். அதில் இன்ஜின் ஒழுங்காக ஓடினால் பம்பைக் கழற்ற வேண்டியதில்லை. ரோட்டரி பம்பில் டீசலை நிறுத்தும் சோலனாய்டுக்கு பேட்டரியிலிருந்து ஒரு வயர் கொடுத்தால் 'டிக்' என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் மாற்ற வேண்டியது விரலளவு பொருள் ஒன்றுதான். லாரி 12 வோல்டா 24 வோல்டா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

காமன் ரெயிலிலும் இப்படியொரு சந்தேகத்துக்குரிய பொருள் இருக்கிறது. டென்சோ பம்புகளின் மேல் உட்கார்ந்திருக்கும் உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வு பழுதானால் ஐடிலிங்கில் இன்ஜின் ஏறி இறங்கித் தள்ளாடும், திடீரென அணையும். அந்த வால்வு தனியாகவே கிடைக்கிறது. முழுப் பம்பையும் மாற்றச் சொல்கிறவரிடம் "இதைச் சோதித்தீர்களா" என்று கேட்பதில் தவறில்லை. கேட்டே ஆக வேண்டும்.

முதல் வழி: எல்லாம் நம் கையால்

இயந்திர பம்ப், வேலை செய்ய முறையான இடம், பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் இது நடக்கக்கூடிய வேலைதான். எந்த இடத்தில் ஒப்பேற்றலாம், எந்த இடத்தில் கூடாது என்பதை நுணுக்கமாகச் சொல்கிறேன்.

பம்பைப் பிடித்திருக்கும் நட்டுகளில் ஒன்றாவது இன்ஜின் பக்கமாக, கையும் கண்ணும் எட்டாத இடத்தில் இருக்கும். அதற்கென்று கம்பெனி வளைந்த ஸ்பானர் ஒன்றை விற்கிறது. விலை மலிவான ரிங் ஸ்பானர் ஒன்றை வாங்கிச் சூடாக்கி வளைத்தால் அதே வேலை நடக்கும். சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையில் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படி வளைத்த ஸ்பானர்களை ஒரு கம்பியில் கோத்து, ஒவ்வொன்றிலும் எந்த இன்ஜினுக்கு என்று பெயின்டால் எழுதி வைத்திருக்கிறார். "அண்ணே, இதைத் தொலைத்தால் எனக்குப் பாதி நாள் போய்விடும்" என்றார். உண்மைதான்.

அடுத்தது புல்லர், அதாவது கியரை இழுத்துக் கழற்றும் கருவி. பம்பை இன்ஜினோடு இணைத்துச் சுற்றும் டைமிங் கியர் பம்பின் தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். நட்டைக் கழற்றினாலும் அசையாது. பெரும்பாலான கியர்களின் முகத்தில் மரை வெட்டிய துளைகள் இருக்கும். பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டையில் அந்தத் துளைகளுக்கு நேராக இரண்டு துளையும், நடுவில் மரையிட்ட ஒரு துளையும் போட்டுக்கொண்டால் புல்லர் தயார். பக்கத்து போல்ட்டுகள் கியரைப் பிடிக்கும், நடு போல்ட் தண்டைத் தள்ளும். போல்ட்டை இறுக்கிக்கொண்டே போகும்போது எதுவுமே நடக்காததுபோல் இருந்து, திடீரென 'டக்' என்ற ஓசையோடு தண்டு விடுபடும். அந்த ஓசை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். சுத்தியலால் தண்டின் தலையில் அடிப்பது பம்பின் பேரிங்கையும் உள்ளே இருக்கும் பாகங்களையும் அடிப்பதற்குச் சமம்.

தண்டு விடுபடும் அந்த நொடியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரோட்டரி பம்பின் தண்டில் கியரை நிலைநிறுத்தும் அரைவட்டக் கீ என்ற இரும்புத் துண்டு நகத்தளவுதான் இருக்கும். அது கியர் பெட்டிக்குள் விழுந்தால் முன் மூடியை முழுக்கக் கழற்ற நேரும். எடுக்காமல் இன்ஜினைச் சுற்றினால் கியர் பற்கள் போய்விடும். ஆகவே நட்டைத் தொடுவதற்கு முன்பே, கியருக்கு அடியில் இருக்கும் இடைவெளியை நூல் உதிராத துணியால் அடைத்துவிடுங்கள். முனையில் காந்தம் வைத்த கம்பி ஒன்றைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் வெளியே இருக்கும் நேரத்தில் இன்ஜினை யாரும் சுற்றக் கூடாது என்று வண்டியின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதும் நல்லது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒப்பேற்றும் வேலை. இனி அளக்கும் வேலை.

கழற்றும் முன் முதல் சிலிண்டரை அமுக்க உச்சிக்கு (காற்றை அமுக்கியபடி பிஸ்டன் மேலே முட்டும் நிலைக்கு) கொண்டுவந்து, பம்பின் விளிம்பிலும் அது பொருந்தும் தகட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த முறை. அதே பம்பை அப்படியே திருப்பிப் பொருத்தினால் அந்தக் கோடு போதும். வேறு பம்ப் பொருத்தினால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. ஒரே மாதிரி இரண்டு பம்புகளிலும் உள்ளே பிளஞ்சர் எழும் நேரம் விளிம்பைப் பொறுத்து ஒன்றுபோல் இருக்காது. பலர் வழுக்குவது இங்கேதான். கோட்டுக்குக் கோடு சேர்த்துப் பொருத்திவிட்டு, "ஸ்டார்ட் ஆகிறது, போதும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

ரோட்டரி பம்பில் டைமிங்கை, அதாவது டீசல் தெளிக்கத் தொடங்கும் நேரத்தை, பார்ப்பது பிளஞ்சர் எழும் அளவை வைத்து. பம்பின் பின்தலையில் நடுவில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, அந்த மரையில் ஒரு அடாப்டரைப் பூட்டி, மில்லிமீட்டரின் சிறு பங்கையும் முள்ளால் காட்டும் டயல் கேஜைச் செருக வேண்டும். இன்ஜினை உச்சிக்கு முன்னால் முப்பது நாற்பது டிகிரி பின்வாங்கி, கேஜின் முள் அசையாமல் நிற்கும் இடத்தில் பூஜ்யம் வைத்து, பிறகு சுழலும் திசையிலேயே மெதுவாகச் சுற்றி, கையேடு சொல்லும் புள்ளியில் நிறுத்திப் படிக்க வேண்டும். கிடைக்கும் எண் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் இடையில்தான் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே இன்ஜினின் குரலும் புகையும் மாறிவிடும். குளிர் ஸ்டார்ட்டுக்காக டைமிங்கை முன்னே தள்ளும் அமைப்பு பம்பில் இருந்தால், அளப்பதற்கு முன் அதை விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் அளவு பொய்யாக வரும். அடாப்டரை வேண்டுமானால் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். டயல் கேஜ் மட்டும் உண்மையான டயல் கேஜாக இருக்க வேண்டும். காதால் கேட்டுப் பம்பைத் திருப்பி வைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். நேரம் முந்தினால் இன்ஜின் தட்டும், ஹெட் கேஸ்கெட்டுக்கும் பிஸ்டனுக்கும் சுமை ஏறும். பிந்தினால் ஸ்டார்ட் ஆகத் திணறும், வெள்ளைப் புகை வரும், இழுவை குறையும், வெளியேறும் புகையின் சூடு ஏறும். நான்கடிப்பு இன்ஜினில் பம்ப் சுற்றும் வேகம் கிராங்க் தண்டில் பாதி என்பதால், பம்பில் செய்யும் ஒரு டிகிரி பிழை கிராங்கில் இரண்டு டிகிரி ஆகிறது.

இன்லைன் பம்பில் நிலைமை நமக்குச் சாதகம். முதல் பிளஞ்சரின் மேல் இருக்கும் டெலிவரி வால்வைக் கழற்றி, நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனைக்கு) போகும் பழைய குழாய் ஒன்றை அன்னத்தின் கழுத்துபோல் வளைத்துப் பூட்டி, கை பிரைமர் என்ற கையால் அழுத்தும் சிறு பம்பால் டீசலை அழுத்திக்கொண்டே இன்ஜினை மெல்லச் சுற்ற வேண்டும். ஒழுகிக்கொண்டிருந்த டீசல் சொட்டாகக் குறைந்து நிற்கும் இடம்தான் தெளிப்பு தொடங்கும் இடம். அந்த நேரத்தில் புல்லியிலோ ஃப்ளைவீலிலோ இருக்கும் டிகிரிக் கோடு கையேட்டில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். இங்கே வளைத்த குழாய் வெறும் உதவிதான். அளவைச் சொல்வது இன்ஜினிலேயே பொறித்த கோடு. அதனால்தான் இந்த முறையை நம்பலாம் என்கிறேன்.

பூட்டியபின் வேறு இரண்டு எச்சரிக்கைகள். புதுப் பம்பை உலர்வாகச் சுற்றக் கூடாது. வடிகட்டிய டீசலால் நிரப்பிவிட்டே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். இங்கே விற்கும் டீசலில் 2013 ஜூலையிலிருந்து கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழுக்கும் தன்மையும் குறைவதால் அதை ஈடுகட்டும் பொருளைச் சேர்த்து விற்கிறார்கள். பம்பின் பிளஞ்சர்களுக்கு மசகு இந்த டீசல்தான். ரோட்டரி பம்பில் மொத்தமாகவே அப்படி. இரண்டாவது, பிரித்துப் பூட்டிய இன்லைன் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டு (ரேக்) சிக்கினாலோ, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தவறாகப் பொருந்தியிருந்தாலோ இன்ஜின் கட்டுப்பாட்டை மீறி வேகமெடுக்கும். முதல் ஸ்டார்ட்டின்போது காற்று உள்ளே போகும் வாயை மூடுமளவுக்கு ஒரு தடித்த பலகையோடு ஒருவர் தயாராக நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

இரண்டாம் வழி: கழற்றுவது நாம், சோதிப்பது பம்ப் கடை

இயந்திர பம்புக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான். பம்பைக் கழற்றிப் பூட்டும் கூலி நமக்கு மிச்சம். நம்மால் எந்தக் காலத்திலும் செய்ய முடியாத வேலையை அதற்கென்றே இருக்கும் இயந்திரம் செய்கிறது.

பிளஞ்சருக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிப்பு அதைப்போல் இருபது முப்பது மடங்கு. இதைப் பட்டறை மேசையில் வைத்துப் பிரித்துச் சுத்தம் செய்வதாகச் சொல்கிறவர் மணலைத்தான் உள்ளே வைத்து மூடுவார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் ஒரே அளவா, கவர்னர் சரியான வேகத்தில் வெட்டுகிறதா, வேகம் ஏறும்போது டைமிங் தேவையான அளவு முந்துகிறதா என்பதையெல்லாம் பம்ப் சோதிக்கும் இயந்திரமான பெஞ்சில் போட்டுச் சுற்றி, அளவுக் குழாய்களில் டீசலைப் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். இதைத்தான் கலிபரேஷன் என்கிறார்கள். முடிந்ததும் கவர்னர் திருகுகளுக்கு ஈய முத்திரை போட்டுத் தருவார்கள். அந்த முத்திரையோடு வரும் பம்பை நான் வேறு எதையும்விட நம்புவேன்.

பம்போடு நாசில்களையும் கொடுத்துவிடுங்கள். தேய்ந்த நாசில்களோடு புதுப்பித்த பம்பை இணைத்துவிட்டு, இழுவை வரவில்லை என்று பம்ப் கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. கொடுக்கும்போது குழாய் முனைகளையும் பம்பின் வாய்களையும் மூடியிட்டுக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. திரும்ப வந்ததும், முன்னே சொன்னபடி டைமிங்கை அளந்தே பூட்ட வேண்டும். உள்ளே பாகங்கள் மாறியிருப்பதால் இப்போது அது வேறு பம்ப் என்றே கொள்ளுங்கள்.

இதன் குறை நேரம். உதிரிப் பாகம் கிடைக்கவில்லையென்றால் லாரி நிற்கும். நின்ற நாளுக்கெல்லாம் வாடகை லாரி எடுக்க வேண்டியிருந்தால், மிச்சம் பிடித்த கூலி அதில் போய்விடும். ஒரே லாரியை வைத்திருப்பவர் இந்தக் கணக்கை முதலிலேயே போட வேண்டும்.

பழைய பம்ப்

சுருக்கமாகவே சொல்கிறேன். பதிவு நீக்கிய வாகனத்தை ஒரு மாதத்துக்குள் உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ வேண்டும் என்பது இங்கே விதி. அதனால் கழித்த லாரிகளின் பாகங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும், விலையும் குறைவு. அந்தப் பம்பை நேரே இன்ஜினில் பூட்டாமல், முதலில் பெஞ்சில் போட்டுப் பார்க்கக் கொடுத்தால் இது நல்ல வழி. மாடல் எண் தட்டில் உள்ள எண் கடைசி இலக்கம் வரை பொருந்துகிறதா என்று பாருங்கள். வெளியே ஒன்றுபோல் இருக்கும் பம்புகளில் சுழலும் திசையும் டர்போவுக்கான அமைப்பும் வேறுபடலாம்.

மூன்றாம் வழி: பட்டறையிலேயே விடுவது

லாரி காமன் ரெயில் என்றால் என் பதில் இது ஒன்றுதான். தைரியம் இல்லாததால் சொல்லவில்லை. அழுத்தம் அந்த அளவு. பழைய இயந்திர முறையில் நாசில் திறப்பது ஏறக்குறைய 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). காமன் ரெயிலில் ரெயிலுக்குள் அது 1,600 பாருக்கும் மேல் ஏறும். இன்ஜின் அணைந்ததும் அது உடனே வடிந்துவிடாது. ஒரு குழாய் முனை சற்றே கசிந்தாலும், ஊசி முனைத் துளை வழியே வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசுக்கடி போலத்தான் தெரியும், வலி முதலில் குறைவாகவே இருக்கும், உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். இது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். யாருக்காவது நேர்ந்தால் கழுவிப் பார்த்துக் காத்திருக்காமல் 995ஐ அழைத்து, டீசல் உள்ளே பாய்ந்தது என்று சொல்லுங்கள். பழைய பம்புகளிலும் இந்த ஆபத்து உண்டு. கசிவைத் தேடுவதற்கு அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள், விரலை ஒருபோதும் காட்டாதீர்கள். பழைய இன்ஜின்களில் ஏர் எடுக்க நாசில் நட்டைத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுவோமே, அந்தப் பழக்கத்தைக் காமன் ரெயிலுக்குக் கொண்டுபோகவே கூடாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. காமன் ரெயில் பம்ப் உள்ளே தேய்ந்து உடைந்திருந்தால் உலோகத் துகள்கள் ரெயில், இன்ஜெக்டர் (டீசலைத் தெளிக்கும் பாகம்), திரும்பும் குழாய், டேங்க் என்று எல்லா இடத்துக்கும் போயிருக்கும். பம்பை மட்டும் மாற்றினால் அந்தத் துகள்கள் புதுப் பம்பையும் தின்றுவிடும். பம்பைக் கழற்றியதும் உறிஞ்சல் வால்வின் வாயில் ஜரிகைபோல் மினுக்கம் தெரிகிறதா என்று பார்ப்பது நல்ல பட்டறையின் அடையாளம். மாற்றியபின் கணினிக்குப் புதுப் பம்பின் அளவைக் கற்பிக்க வேண்டும். இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் ஒவ்வொன்றின் குறியீட்டையும் பதிய வேண்டும். இதற்கு அந்த நிறுவனத்தின் சோதனைக் கருவி வேண்டும். அளக்கும் கருவியை ஒப்பேற்றக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்கும் பொருந்தும்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பம்ப் புதியதா, புதுப்பித்ததா? துகள் கண்டால் எதையெல்லாம் மாற்றுவீர்கள்? பழைய பம்பை என்னிடம் காட்டுவீர்களா? காக்கி புக்கிட்டிலோ டெஃபுவிலோ இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. அவர்களிடம் விடுங்கள்.

ஜோகூர்

கடற்பாலத்துக்கு அந்தப்பக்கம் கூலி குறைவு, டீசல் பம்ப் வேலையில் தேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் ஓடாத லாரியை எப்படிக் கொண்டுபோவது? ஓடுகிற லாரி என்றாலும் மலேசிய நுழைவு அனுமதி, சோதனைச் சாவடியில் போகும் நேரம், உத்தரவாதத்துக்காக மறுபடி போக வேண்டிய நிலை எல்லாம் சேரும். லாரியை இங்கேயே வைத்துவிட்டு, கழற்றிய இயந்திர பம்பை மட்டும் கொண்டுபோவது அதைவிடப் பொருத்தம். திரும்பி வரும்போது தொழிலுக்கான பொருளாகச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். ஜிஎஸ்டி 2024இலிருந்து 9 விழுக்காடு. எனக்கு இந்த வழியில் அதிக நாட்டம் இல்லை. பூட்டியபின் ஏதாவது சரியில்லையென்றால் பெஞ்சில் போட்டவரிடம் அன்றைக்கே போய் நிற்க முடிய வேண்டும்.

எங்கே வைத்து வேலை செய்வது

நம் கையால் செய்வது என்று முடிவு செய்தவர்கள் அதிகம் யோசிக்காதது இது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் இந்த வேலைக்கான இடம் இல்லை. வண்டி நகர்வதற்கு வேண்டிய அவசரச் சிறு பழுதைத் தாண்டி அங்கே பழுதுபார்க்க அனுமதி கிடையாது. அதிகபட்ச எடை 5,000 கிலோவைத் தாண்டும் லாரிக்கு இரவு நிறுத்துமிடச் சான்றிதழ் வேண்டும் என்பதால், பிரித்துப்போட்ட லாரியை நினைத்த இடத்தில் விட்டுவைக்கவும் முடியாது. டீசல் கால்வாயில் இறங்கினால் அது குற்றம்; பம்பைக் கழற்றும்போது ஒழுகும் டீசலுக்கு அடியில் தட்டு வேண்டும், கழிவை உரிமம் பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். ஆகவே வாடகைக்கு எடுத்த தொழிற்பேட்டை இடமோ, தெரிந்த பட்டறையின் ஒரு மூலையோ கிடைத்தால்தான் முதல் இரண்டு வழிகளையும் பற்றிப் பேசவே முடியும். லாரி விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வாகனம் அருகில் உள்ள குறிப்பிட்ட நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும். அங்கிருந்து மேலே இழுப்பது நம் செலவு.

கட்டாயப் பரிசோதனையையும் கணக்கில் வையுங்கள். பத்து ஆண்டுக்குட்பட்ட சரக்கு வாகனத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேற்பட்டதற்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதில் டீசல் வாகனத்தின் புகை அளக்கப்படுகிறது. முத்திரையை உடைத்து, டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகைத் திருப்பி இழுவை ஏற்றிக்கொண்ட பம்ப் அங்கே கரும்புகையாகக் காட்டிக்கொடுக்கும். சாலையில் புகை கக்கினால் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் நடவடிக்கையும் வரும். அந்தப் புகையை நம் ஓட்டுநர்களும், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் தொழிலாளர்களும்தான் சுவாசிக்கிறார்கள்.

எந்த லாரிக்கு எது

வாகனம் வைத்திருக்கப் பணம் கட்டி வாங்கும் வாகன உரிமைச் சான்றிதழில் (சிஓஇ) இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் யாருக்கும் பதில் சொல்வேன். காமன் ரெயில் லாரிக்குச் சான்றிதழ் இன்னும் சில ஆண்டுகள் இருந்தால், நல்ல பட்டறையில் துகள் சுத்தம் உட்பட முழு வேலையும் செய்துவிடுங்கள். அந்தச் செலவு மாதங்களில் பங்கிடப்பட்டுவிடும். சான்றிதழ் முடியச் சில மாதங்களே இருந்து, புதுப்பிக்கும் எண்ணமும் இல்லையென்றால், பம்பில் பணம் போடாமல் இப்போதே பதிவை நீக்கிவிட்டு மாற்று லாரி தேடுவது நல்லது. எஞ்சிய மாதங்களுக்குரிய சான்றிதழ் தொகையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் அந்தத் தொகையைக் கட்டுவதற்கு முன்பே பம்பையும் இன்ஜெக்டர்களையும் சோதித்துவிட வேண்டும், கட்டியபிறகு அல்ல.

இயந்திர பம்ப் கொண்ட கடைசி லாரிகளுக்கு, பெஞ்சில் சோதித்த பழைய பம்ப் போதும். ஃபோர்க்லிஃப்ட், ஜெனரேட்டர், படகு என்று சான்றிதழ்க் கணக்கு இல்லாதவற்றுக்குப் புதுப்பித்த பம்ப்தான் சரி, ஏனென்றால் அது இன்னும் பல ஆண்டுகள் ஓட வேண்டும். இரண்டிலும் கழற்றுவதும் பூட்டுவதும் உங்கள் கையாலேயே இருக்கட்டும். வளைத்த ஸ்பானரும் இரும்புப் பட்டைப் புல்லரும் போதும். டயல் கேஜையும், போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சையும் மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.